நூற்றுப் பதினான்காம் பக்கத்து நீலக் கதவு

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நீ போய் நாலு நாளாகிறது. அறை எப்படி, சாப்பாடு எப்படி என்று ஒரு வரி கிடையாது. போன் வேண்டாம் என்று சொன்னவள் நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் பழைய கதைக்குப் போய்விடுகிறோம், நாலாவது நிமிடம் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். அதனால் வாரம் ஒரு முறை திருத்திய பக்கங்களைக் கட்டி அனுப்பும்போது உள்ளே ஒரு கடிதமும் வை. எழுதும்போது மனுஷன் கொஞ்சம் நிதானிப்பான்.

வேலையை இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன், பிறகு அக்கா சொல்லவில்லை என்று சொல்லாதே. தலைநகரத்துக்கு நம் பதிப்பகம் போட்ட பயணக் கையேடு ஒன்பது வருஷம் பழசு. அதை எழுதியவள் நான். முன்பாதி பகல்: அருங்காட்சியகங்கள், ஓவியக் கூடங்கள், அரண்மனை, நாடக அரங்குகள். பின்பாதி ராத்திரி: ஆற்றுப்பாலத்து விளக்குகள், இரவுச் சந்தை, பாட்டு நடக்கும் இடங்கள், விடிய விடியத் திறந்திருக்கும் கடைகள். ஒவ்வொன்றுக்கும் நீ நேரில் போக வேண்டும். மாறியிருந்தால் சிவப்பு மையில் திருத்து. மாறாமல் இருந்தால் ஓரத்தில் ஒரு 'சரி' போடு. முதலாளியின் மந்திரம் உனக்கும் தெரியும்: "கால் படாத இடம் நம்ம புஸ்தகத்துல வரக்கூடாது."

உனக்காக அவரிடம் ஜாமீன் நின்றிருக்கிறேன். பதினோரு வருஷம் ராத்திரி பஸ் ஓட்டியவர் ஏன் திடீரென்று விட்டார் என்று கேட்டார். எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்வேன்? நடுவழியில் பஸ்ஸை நிறுத்திவிட்டுத் தூங்கினாய் என்று உன் மேனேஜர் சொன்னார். நீ இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அந்தக் கோபத்தில்தான் ஒரு வருஷம் உன்னோடு பேசாமல் இருந்தேன். சரி விடு, இதோ நானே பழைய கதைக்குப் போய்விட்டேன்.

இங்கே எல்லோரும் நலம். குட்டி மட்டும் நேற்று சாயங்காலம் நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டு வந்து நிற்கிறாள். எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம். எட்டு வயசாகிறது, நடையில் கவனமே இல்லை, அப்படியே தாய்மாமனை உரித்து வைத்திருக்கிறாள். ஆபீஸ் மாடிப்படியில் முதலாளி இன்னும் பல்பு போடவில்லை. மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு ஏறிப் போகிறார்கள், நான் ஒருத்திதான் சுவரைத் தடவித் திட்டிக்கொண்டே ஏறுகிறேன்.

பதில் எழுது.

அக்கா


மார்ச் 9

அக்கா,

உயிரோடுதான் இருக்கிறேன். விடுதிக்காரம்மா நல்ல மாதிரி. காலையில் சூடாக ஏதாவது கொடுத்து, சாயங்காலம் சூடாக ஏதாவது சொல்லி அனுப்புகிறாள். அறை மூன்றாம் மாடி, நாற்பத்திரண்டு படி. மூட்டைப்பூச்சி இல்லை, நீ கவலைப்படலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை.

பகல் பக்கங்கள் முப்பத்தாறு அனுப்பியிருக்கிறேன். பார்த்தால் ரத்தக்காயம் மாதிரி இருக்கும், அவ்வளவு சிவப்பு. பெரிய அருங்காட்சியகத்தில் வாசல் மாறிவிட்டது. நீ எழுதிய வாசலில் இப்போது பூட்டு தொங்குகிறது. பின்பக்கம் சுற்றிப் போனால் அகலமான சரிவுப்பாதை. திமிங்கல எலும்பைக் கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்துக்கு ஏற்றிவிட்டார்கள். எப்படி ஏற்றினார்கள் என்று காவலாளியிடம் கேட்டேன். "அது தானா ஏறல" என்றார், அவ்வளவுதான். ஓவியக் கூடத்தில் பையை வாங்கி வைக்கும் இடத்தில் டோக்கன் கொடுக்காமல் முகத்தை நினைவு வைத்துக்கொள்கிறார் ஒருவர். எண்பது பேர் முகம். தப்பே வரவில்லை என்கிறார். அதையும் எழுதியிருக்கிறேன், வேண்டாமென்றால் அடி.

நாடக அரங்கில் பகல் காட்சிக்குப் போனேன். அங்கே ஒரு கூத்து. உள்ளே விளக்கை அணைத்துவிட்டிருந்தார்கள். வெயிலிலிருந்து போனவன் தட்டித் தடவி உட்கார்ந்தால், நாற்காலி இருமுகிறது. ஒரு பெரியவர் மடி. அவர் மனைவி என் முதுகைத் தட்டி, "தம்பி, அவருக்கே இடுப்பு வலி" என்றாள். நாடகத்தை விட அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள்.

ராத்திரிப் பக்கங்களையும் ஆரம்பித்துவிட்டேன். கவலைப்படாதே.

குட்டி இடித்துக்கொண்டது எத்தனை மணிக்கு? விளக்கு போட்டிருந்ததா? இதற்கு முன்னால் அப்படி இடித்துக்கொண்டிருக்கிறாளா? அதை எழுது.

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

பகல் பக்கங்களைப் படித்துவிட்டு எனக்கே பெருமையாக இருந்தது. முகத்தை நினைவு வைக்கும் மனிதரை அடிக்கவில்லை. முதலாளி வெளியூர் போயிருக்கிறார், வந்ததும் அவரிடம் முதலில் அதைத்தான் காட்டப்போகிறேன். பெரியவர் மடி கதையை உன் அத்தானிடம் சொன்னேன். நீ பஸ்ஸிலும் அப்படித்தான் பயணிகள் மேல் உட்கார்ந்திருப்பாய் என்கிறார்.

ஆனால் ஒரு விஷயம் மனசை அரிக்கிறது. இரண்டாவது கட்டாக வந்த ராத்திரிப் பக்கங்கள் இருபத்தெட்டு. அதில் சிவப்பு மையே கிட்டத்தட்ட இல்லை. இரவுச் சந்தை சரி, பாலத்து விளக்கு சரி, மாடிக் காப்பிக் கடை சரி. ஒன்பது வருஷத்தில் பகலில் இவ்வளவு புரண்ட ஊர், ராத்திரியில் மட்டும் அசையாமல் நிற்குமா? பகலில் படியை எண்ணுகிறவன் ராத்திரியில் ஒரு படிகூட எண்ணவில்லையே.

நூற்றுப் பதினான்காம் பக்கத்திலும் 'சரி' போட்டிருக்கிறாய். பொத்தான் கடைச் சந்து, ஒன்பதாம் எண், நீலக் கதவு. பதினோரு படி கீழே இறங்கினால் அக்கார்டியன் வாசிக்கிற கிழவர். பக்கத்தில் 'இன்னும் நன்றாக இருக்கிறது' என்று வேறு எழுதியிருக்கிறாய். அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுது. எனக்குத் தெரிய வேண்டும்.

குட்டியைப் பற்றி ஏன் போலீஸ்காரன் மாதிரி கேட்கிறாய்? ஆறு ஆறரை இருக்கும். விளக்கு போட்டிருந்ததா என்று யாருக்கு ஞாபகம்? வீட்டில் எல்லோரும்தான் இடித்துக்கொள்கிறோம். நான்கூட முந்தாநாள் கூடத்தில் வைத்திருந்த வாளியை உதைத்து வீடெல்லாம் தண்ணீர். இதற்கெல்லாமா விசாரணை?

அக்கா


மார்ச் 18

அக்கா,

சந்தேகப்படுவது உன் பிறவிக் குணம். ராத்திரி இடங்கள் மாறவில்லை என்றால் நான் என்ன செய்ய, நீ திருப்தியாக வேண்டும் என்று நானே மாற்றி வைக்கவா?

நீலக் கதவு கேட்டாயே, சொல்கிறேன். சந்து முனையிலேயே சத்தம் கேட்கிறது. கதவுக்குப் புதுசாக வண்ணம் அடித்திருக்கிறார்கள், ஆனாலும் நீலம்தான். பதினோரு படி சரியாக இருக்கிறது. கீழே தாழ்வான கூரை, குனிந்துதான் போக வேண்டும். கிழவருக்கு இப்போது நன்றாக வயதாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டே வாசிக்கிறார். பக்கத்தில் அவர் பேத்தி நின்று பாடுகிறாள். பழக்கப்பட்டவர்கள் ஒரு இருபது பேர், மேஜையைத் தட்டித் தாளம் போடுகிறார்கள். எனக்கு இடம் கொடுத்து உட்கார வைத்தார்கள். ஒரு மணி வரை இருந்தேன். போதுமா?

நீ நான் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் எழுதவில்லை. அக்கா, விளையாட்டில்லை. குட்டி ஆறரை மணிக்கு வீட்டுக்குள் எப்படி நடக்கிறாள் என்று கொஞ்சம் பார். அவளுக்குத் தெரியாமல் பார். விளக்கைப் போடாமல் ஒரு பந்தை உருட்டிவிட்டு எடுக்கச் சொல். அதை எழுது, வேறு எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

தம்பி


மார்ச் 22

தம்பி,

நீலக் கதவு என்று ஒன்று கிடையாது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என் மேஜையில் உட்கார்ந்து நான் கற்பனை செய்து எழுதியது அது. மற்ற பதிப்பகத்துக்காரர்கள் நம் புத்தகத்தைப் பார்த்து அப்படியே காப்பி அடிப்பார்கள். அவர்களைப் பிடிப்பதற்காக ஒவ்வொரு கையேட்டிலும் இல்லாத இடம் ஒன்றை வைப்போம். அதைக் காப்பி அடித்தவன் மாட்டிக்கொள்வான். ஆபீஸில் அதற்குப் பொறி என்று பெயர். எந்தப் பக்கத்தில் பொறி என்பது முதலாளிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பொத்தான் கடைச் சந்து நிஜம். அது எட்டாம் எண்ணோடு முடிகிறது. கதவு, படி, கிழவர் எல்லாம் நான் போட்டது.

பேத்தி மட்டும் நீ போட்டது.

உன் முந்தின கட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன். 'அக்கா, அங்கே போகவில்லை, அசதியில் சரி போட்டுவிட்டேன்' என்று எழுதுவாய் என்று எட்டு நாள் காத்திருந்தேன். நீயோ மேஜையைத் தட்டித் தாளம் போட்டிருக்கிறாய்.

முதலாளி ஏப்ரல் ஐந்தாம் தேதி வருகிறார். வந்ததும் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான், அது அவருடைய செல்லப்பிள்ளை. உன் 'சரி'யைப் பார்த்தால் உன் வேலையும் போச்சு, ஜாமீன் நின்ற என் வேலையும் போச்சு. அந்த ஒரு பக்கத்தை நான் இப்போதே கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் வைக்கலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் மற்ற இருபத்தேழு பக்கம்? அதை நம்பிப் பை தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்? எந்தப் பாலத்தில் விளக்கு எரிகிறது, எந்தத் தெருவில் ராத்திரி ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

நீ ராத்திரி எங்கே போகிறாய்? குடிக்கிறாயா? சீட்டு ஆடுகிறாயா? எதுவாக இருந்தாலும் சொல். பஸ்ஸை நிறுத்திய கதை மாதிரி வாயை மூடிக்கொண்டு இருக்காதே. இந்தத் தடவை என்னால் ஒரு வருஷம் பேசாமல் இருக்க முடியாது, பேசாமல் இருந்தால் செத்துப்போய்விடுவேன்.

இன்று கூரியரில் அனுப்புகிறேன். பதிலையும் அப்படியே அனுப்பு.

அக்கா

பின்குறிப்பு: பந்து உருட்டிப் பார்த்தேன். ஓடிப் போய் எடுத்து வந்துவிட்டாள். எனக்குத்தான் அது எங்கே போனது என்று தெரியவில்லை. எதற்காக இதெல்லாம்?


மார்ச் 25

அக்கா,

போன் செய்துவிடாதே. உன் குரலைக் கேட்டால் மறுபடி ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். எழுதினால்தான் நிஜம் வரும்.

நான் ராத்திரி எங்கேயும் போவதில்லை. எனக்கு ராத்திரியில் கண் தெரியாது.

பளிச்சென்று எரிகிற விளக்கு தெரியும். விளக்கு மட்டும்தான் தெரியும், அதன் கீழே இருக்கிற தரை தெரியாது. விளக்கு விளக்காக அந்தரத்தில் தொங்கும், நடுவில் எல்லாம் கறுப்பு. ஓரத்தில் வருகிற ஆளும் தெரியாது. பெரியவர் மடியில் உட்கார்ந்தது அதனால்தான். அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன். அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

முதல் வாரம் முயற்சி செய்தேன், அதை நம்பு. விடுதி வாசலிலிருந்து இரவுச் சந்தை வரை பகலில் நடந்து எண்ணி வைத்தேன், அறுநூற்று நாற்பது அடி. எங்கே திரும்புவது, எங்கே குழி என்று எல்லாம் மனப்பாடம். எட்டு மணிக்குக் கிளம்பினேன். இருநூறு அடி வரை ராஜா மாதிரி போனேன். பகலில் இல்லாத தள்ளுவண்டி ஒன்றை யாரோ நிறுத்தியிருந்தார்கள். விழுந்ததில் முட்டி பெயர்ந்தது, அதைவிட மோசம் எண்ணிக்கை போனது. எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறேன் என்றே தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வர ஒரு மணி நேரம் ஆனது. போகிறவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே வழி விட்டார்கள். ஒரு போலீஸ்காரர் தோளைப் பிடித்து, "எவ்வளவு குடிச்சே?" என்று கேட்டார். "நிறைய" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு விடுதி வரை கொண்டுவந்து விட்டார். நிஜத்தைச் சொல்வதை விட அது சுலபமாக இருந்தது.

அதற்குப் பிறகு விடுதிக்காரம்மா சொன்னதையும் மூலைக் கடையில் கேட்டதையும் வைத்து 'சரி' போட ஆரம்பித்தேன்.

பஸ் கதையும் இதுதான். அன்றைக்கு எதிரே ஒரு லாரி வந்தது. அதன் வெளிச்சம் முகத்தில் அடித்துப் போனது. வழக்கமாக இரண்டு நொடியில் ரோடு திரும்பி வரும். அன்றைக்கு ஏழு எண்ணும் வரை வரவில்லை. பின்னால் முப்பத்தெட்டு பேர் தூங்குகிறார்கள். ஓரமாக நிறுத்தி, எஞ்சின் சூடு என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, ஸ்டீயரிங்கில் தலையை வைத்து விடியும் வரை உட்கார்ந்திருந்தேன். அதைப் பார்த்த மேனேஜர் தூங்கினேன் என்று எழுதிக்கொண்டார். எழுதட்டும் என்று விட்டுவிட்டேன். தூங்கிய டிரைவருக்கு இன்னொரு வேலை கிடைக்கும். கண் தெரியாத டிரைவரை யார் கூப்பிடுவார்கள்?

டாக்டரிடம் காட்டினேன். முதலில் ராத்திரிப் பார்வை போகும், பிறகு ஓரத்திலிருந்து மெல்லச் சுருங்கும், பகலும் எத்தனை வருஷம் என்று சொல்ல முடியாது என்றார். "குடும்பத்துல யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றுதான் சொன்னேன். சொல்லும்போதே அப்பா ஞாபகத்துக்கு வந்துவிட்டார். அப்பாவுக்குக் கண் போனது சர்க்கரையால் என்று அம்மா சொன்னாளே, அப்பாவுக்கு யாராவது சர்க்கரை பரிசோதித்துப் பார்த்தார்களா? சாயங்காலமானால் நம் இரண்டு பேரில் ஒருவரை முன்னால் விட்டு, தோளில் கை வைத்துக்கொண்டுதானே நடப்பார்? இன்றைக்கு யார் முன்னால் என்று நீயும் நானும் அடித்துக்கொள்வோமே. செல்லம் என்று நினைத்தோம்.

இது பரம்பரையாக வருமாம். இதை உன்னிடம் சொன்னால் அந்த நிமிடத்திலிருந்து நீ குட்டியை வேறு கண்ணால் பார்ப்பாய். அதற்குப் பயந்துதான் இத்தனை நாள் சொல்லவில்லை. நீ அவள் சாயங்காலத்தில் இடித்துக்கொண்டாள் என்று எழுதியதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பந்தை எடுத்துவிட்டாள் என்று படித்தபோது கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் அது போதாது. அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. முதலாளி, வேலை எல்லாம் அப்புறம். திட்டுவதையும் அப்புறம் வைத்துக்கொள்.

தம்பி


மார்ச் 29

தம்பி,

மூன்று தடவை படித்தேன். முதல் தடவை உன் மேல் கோபம், இரண்டாவது தடவை அம்மா மேல், மூன்றாவது தடவை யார் மேல் என்று தெரியவில்லை, அழுகைதான் வந்தது.

ஒரு வருஷம் உன்னோடு பேசாமல் இருந்தேனே. நீ இருட்டில் முப்பத்தெட்டு உயிரைக் காப்பாற்றிவிட்டு வந்து நின்றாய், நான் உன்னைச் சோம்பேறி என்றேன். உன் அத்தான் முன்னால் சொன்னேன். எனக்கு இப்போது மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை, கை எழுதுகிறது, எடுத்துக்கொள்.

அப்பா விஷயம் நீ சொன்னதும்தான் உறைத்தது. நிஜம். மழைக்காலத்தில் கடை மூடிவிட்டு வரும்போது என் தோளை அவர் பிடிக்கிற பிடி வலிக்கும். வலிக்கிறது என்று சொன்னால் உன்னைக் கூப்பிட்டுவிடுவார் என்று சொல்லாமல் இருப்பேன். அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். பெண் கல்யாணம், பையன் வேலை என்று மூடி வைத்திருப்பாள். நீயும் மூடி வைத்தாய். நல்ல குடும்பம் நம்முடையது.

குட்டிக்கு நாலாம் தேதி டாக்டர். அது வரை எப்படி இருப்பது என்று தெரியவில்லை. அவள் தண்ணீர் டம்ளரை எடுத்தால் கையைப் பார்க்கிறேன், படி இறங்கினால் காலைப் பார்க்கிறேன். "ஏம்மா என்னையே பார்க்கிறே?" என்று கேட்டுவிட்டாள். அழகாக இருக்கிறாய் அதனால்தான் என்றேன். நம்பவில்லை.

எனக்கு ஒரு உதவி செய். பகலிலேயே, வெயில் இருக்கும்போதே, பொத்தான் கடைச் சந்துக்குப் போய்ப் பார். ஒன்பது வருஷமாக அந்தப் பக்கம் அச்சில் இருக்கிறது. திருடனைப் பிடிக்க என்று வைத்தேன், அதை நம்பி நல்ல மனுஷர்கள் யாராவது அங்கே போயிருப்பார்களோ என்று இத்தனை நாள் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. உனக்கு எழுதிய பிறகுதான் யோசிக்கிறேன்.

முட்டிக்கு மருந்து போட்டாயா?

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

முட்டி ஆறிவிட்டது. நீ கை வலிக்க மன்னிப்பெல்லாம் எழுத வேண்டாம். நீ பேசாமல் இருந்த அந்த ஒரு வருஷம் எனக்கு ஒரு விதத்தில் வசதியாக இருந்தது, பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நேற்றுப் பகல் பன்னிரண்டு மணிக்குச் சந்துக்குப் போனேன். நீ சொன்ன மாதிரி எட்டோடு முடிகிறது. எட்டில் ஒரு தையல்காரர். அவர் கடைக்கு அடுத்து மொட்டைச் சுவர். அந்தச் சுவரில் அவரே கையால் எழுதி ஒரு பலகை மாட்டியிருக்கிறார்: 'நீலக் கதவு இங்கே இல்லை. எங்கேயும் இல்லை. தயவுசெய்து தட்டாதீர்கள்.' அக்கா, எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது.

என் கையில் புத்தகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. உட்கார வைத்துக் கணக்காகச் சொன்னார். மாதத்துக்கு மூன்று பேராவது வருகிறார்களாம், எல்லோரும் ராத்திரி. கதவு தெரியாமல் இவர் கதவைத் தட்டுவார்கள். ஒரு தடவை பெட்டி படுக்கையோடு ஒரு கிழத் தம்பதி. போன வருஷம் ஒரு பெண். யாரையோ ஒன்பது மணிக்கு நீலக் கதவுக்கு வரச் சொல்லியிருந்தாளாம். ஒருவேளை அவனும் வந்து தேடிவிட்டுப் போயிருக்கலாம். அவள் இவர் படியில் உட்கார்ந்து பதினொன்று வரை அழுதாளாம். தெருவிளக்கு வேறு அந்த முனையில் கிடையாது, அதனால் இவர் வாசல் விளக்கை விடிய விடிய எரிய விடுகிறார். யாரும் இடறி விழுந்துவிடக் கூடாதே என்று.

அவர் கோபமாகப் பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார்: "இதை எழுதினவங்களைப் பார்த்தா ஒண்ணு மட்டும் கேக்கணும். அவங்க எப்பவாவது ராத்திரியில இங்க வந்து பார்த்தாங்களா?"

கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

நாலாம் தேதியை எண்ணிக்கொண்டிருக்கிறேன். சாயங்காலமே தெரிந்துவிடுமா? தெரிந்ததும் உடனே எழுது. நல்ல சேதியாக இருந்தால் போன்கூடச் செய்யலாம். நீ போன் செய்யாவிட்டால் அது எனக்கு அர்த்தமாகிவிடும், அதனால் எதற்கும் போன் செய்யாமல் எழுதியே அனுப்பு.

தம்பி


ஏப்ரல் 7

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் குட்டி. அவளுக்கு இப்போது ஒன்றும் இல்லை. கண் சுத்தமாக இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும் என்றார் டாக்டர். அன்றைக்கு நெற்றியை இடித்துக்கொண்டது, கதைப் புத்தகத்தைப் படித்துக்கொண்டே நடந்ததால். டாக்டர் கேட்டதும் ஒப்புக்கொண்டாள். என்னிடம் சொல்லியிருந்தால் புத்தகத்தைப் பிடுங்கியிருப்பேனாம்.

அவள் கண்ணைப் பார்ப்பதற்காக அறை விளக்கைக் குறைத்தார்கள். நான் அவள் பக்கத்தில் போய் நிற்கலாம் என்று எழுந்தேன். நடுவில் ஒரு முக்காலி இருந்திருக்கிறது. விழவில்லை, டாக்டர் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடாமல், "நீங்களும் உட்காருங்கம்மா" என்றார்.

எனக்கு ஆரம்பித்துவிட்டது. உன்னை விட மெதுவாக வருகிறது, ஆனால் அதேதான். வாளி, பந்து, மாடிப்படி எல்லாவற்றையும் அவர் கேட்கக் கேட்க நானே எடுத்துக் கொடுத்தேன். நான் என்னவோ பல்பு போடாத முதலாளியைத் திட்டிக்கொண்டு இருந்தேன். உன் அத்தான் எங்களை வீட்டுக்குக் கூட்டி வந்தார். வந்ததும் கூடத்தில் இருந்த வாளியை எடுத்து உள்ளே வைத்தார்.

பயமாக இருக்கிறது. சும்மா தைரியமாக எழுதத் தெரியவில்லை. ராத்திரி எழுந்து உட்கார்ந்து, கறுப்பாகத் தெரிவது இருட்டா, இல்லை என் கண்ணா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

தையல்காரருக்குப் பதில் கேட்டாயே, ராத்திரியில் நான் அங்கே வந்து பார்த்தேனா என்று. வரவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த ஊரில் இருபது நாள் இருந்தேன், ஏழு மணிக்கு மேல் அரை மணி நேரம்கூட வெளியே நிற்கவில்லை. பெண்பிள்ளை, தனியாக எப்படிப் போவாள் என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. ராத்திரிப் பக்கங்களைக் கேள்விப்பட்டுத்தான் எழுதினேன். இருட்டினால் வெளியே போக எனக்கு ஏன் அவ்வளவு மனசில்லை என்று அப்போது தெரியாது. நீ என் பக்கங்களில் 'சரி' போட்டாய். நான் யாரோ சொன்னதில் போட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐந்தாம் தேதி முதலாளி வந்ததும் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். என் பக்கம், உன் பக்கம், நம் கண், தையல்காரர் பலகை, எதையும் விடவில்லை. வெகு நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு நூற்றுப் பதினான்காம் பக்கத்தை அவரே கிழித்தார். பொறி வைக்கும் யோசனை அவருடையதாம், அந்தப் பெண் அழுததற்கு அவருக்கும் பங்கு உண்டாம். "வேற யாரையாவது அனுப்பட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம், எழுதியவர்களே திருத்துகிறோம் என்றேன். மாதக் கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறார். அப்போதும் கால் படாத பக்கம் ஒன்று இருந்தால் இரண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம் என்றும் சொல்லியிருக்கிறார். மறுநாள் மாடிப்படியில் பல்பு எரிந்தது. ஒன்றுக்கு இரண்டாகப் போட்டிருக்கிறார்.

குட்டிக்குப் பன்னிரண்டாம் தேதி பரீட்சை முடிகிறது. பதினான்காம் தேதி நானும் அவளும் வருகிறோம். ரயில் பகல் இரண்டு மணிக்கு, வெளிச்சத்திலேயே ஸ்டேஷனுக்கு வந்துவிடு. ராத்திரி ஏழு முதல் பத்து வரை தினமும் நடப்போம். சந்தை, பாலம், பாட்டு, எல்லாம். அவள் முன்னால் நடந்து எது எங்கே இருக்கிறது என்று சொல்வாள். அவளுக்கு இரண்டு தோள் இருக்கிறது, இடது உனக்கு, வலது எனக்கு. அழுத்திப் பிடிக்காதே, அது வலிக்கும்.

அப்பா மாதிரி செய்யவில்லை. நேற்று அவளை மடியில் உட்கார வைத்து, மாமாவுக்கு என்ன, எனக்கு என்ன, நாளைக்கு அவளுக்கும் ஒருவேளை வரலாம் என்பது வரை சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் ஒன்றுதான் கேட்டாள்:

"அப்போ மாமாவுக்குப் பதிலா நான்தான் டிரைவரா?"

ஆமாம் என்றேன்.

முதல் நாள் ராத்திரி பொத்தான் கடைச் சந்துக்குப் போவோம். தையல்காரர் விளக்கை அணைத்துவிடாமல் இருக்கச் சொல்லி வை. அவருக்கு நான் நேரில் பதில் சொல்ல வேண்டும்.

அக்கா